கன்னிவாடிப் பாதையில் கிடந்த கிம்பர்லைட்

கல் அறுக்கும் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ரம்பம் ஓட்டுவதையும் கண்ணாடியில் கல்லை ஒட்டுவதையும் மேஸ்திரி உங்களுக்குச் சொல்லித் தருவார். அதில் நான் தலையிடப் போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு மூட்டையைப் பற்றி. பழைய உரச் சாக்கில் கட்டிய மூட்டை. அதை ஒரு பெண் இந்த வாசலில் இறக்கி வைத்தபோது இந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தோம்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் பேச ஆரம்பித்தால் பத்தலகுண்டு போகிற பஸ் சின்னாளப்பட்டியைச் சுற்றிப் போகிற மாதிரி போவேன் என்று என் வீட்டில் சொல்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. தோல் பதனிடும் ஷாப்பில் இருந்து இந்த வேலைக்கு வந்தேன். அங்கே தோலைச் சீவி, முழுத் தோலும் ஒரே கனமாக வரும்படி செய்வது என் வேலை. இங்கேயும் அதேதான், கல்லைத் தேய்த்துத் தேய்த்து வெளிச்சம் ஊடுருவும் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். தோலுக்குக் கண் வேண்டியதில்லை, விரல் போதும். கல்லுக்கு விரலும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். கருங்கல் என்று நாம் சொல்கிற கல் அந்தக் கனத்துக்கு வந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, யாரோ உள்ளே வளையல் துண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கிம்பர்லைட் என்ற பெயரை மேடம் சொல்லிக் கேட்டுத்தான் வாயில் ஏற்றினேன். மேடம் இங்கே மைக்ராஸ்கோப்பில் பார்த்து இது இன்ன கல் என்று சொல்ல வந்தவர். என்னைவிட இருபது வயது சின்னவர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மேடம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சமயம் ஆந்திராப் பக்கம் வைரம் தேடித் துளை போட்டவர்கள், துளையில் இருந்து எடுத்த உருளைக் கற்களைப் பெட்டி பெட்டியாக நமக்கு அனுப்பினார்கள். உருளையை நெடுக்காக இரண்டாக அறுப்போம். ஒரு பாதி பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும். மறு பாதியில் வேண்டிய துண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்பக்கம் கொட்டுவோம்.

அந்தக் கல்தான் கிம்பர்லைட். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரே கல்லுக்குள் பத்துக் கல் கிடந்தது. பச்சை ஒன்று, நாவல்பழக் கறை போல ஊதாச் சிவப்பில் ஒன்று, தகடு தகடாக மினுக்கும் காக்காப்பொன், இடையில் வெள்ளைக் கோடு. ஈர ரம்பம் பட்டால் சில உருளைகள் சேறாக வழிந்தன.

"இது என்னம்மா கல்லு? கல்யாண வீட்டு எலை மாதிரி எல்லாம் ஒண்ணாக் கெடக்கு" என்றேன்.

"இது கல்லு இல்ல பாய், பஸ்ஸு" என்றார் மேடம். "திண்டுக்கல்லுல இருந்து கோயம்புத்தூர் எம்புட்டுத் தூரம்?"

"நூத்தம்பதுக்கு மேல வரும்."

"அந்தத் தூரத்த அப்படியே நேராக் கீழ எறங்குங்க. அங்க இருந்து கெளம்புன பஸ்ஸு. இன்னும் ஆழத்துல இருந்து கெளம்புனதாவும் இருக்கலாம். வழியில கண்ட இடத்துல ஆள ஏத்திக்கிட்டு வந்திருக்கு. பச்சையும் செவப்பும் ஏறுன ஆளுங்க. வைரமும் ஏறுன ஆளுதான், இதுக்குள்ள பொறந்ததில்ல."

நூற்றைம்பது கிலோமீட்டர் ஆழத்தில் இருந்து ஒரு கல் எப்படி மேலே ஏறும்? நம் ஊர்க் கிணற்றில் தண்ணீரே மேலே ஏற மாட்டேன் என்கிறது.

இதை மேடம் எனக்குச் சொல்லித் தந்த இடம் எதிரில் இருந்த சோடாக் கடை. எலுமிச்சை பிழிந்த சோடா ஒன்று வாங்கினார். குடிக்காமல் டம்ளரைப் பலகையில் வைத்தார். ஒரு சிட்டிகை உப்பை எடுத்து உள்ளே போட்டார். புஸ்ஸென்று நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"மேடம், சோடாவக் குடிக்க வாங்குனீகளா, பாடம் நடத்த வாங்குனீகளா? பலகைய யாரு தொடைக்கிறது?" என்றார் கடைக்காரர்.

"பாய் தொடைப்பாரு" என்றார் மேடம்.

துடைத்துக்கொண்டே கேட்டேன். கீழே அடியாழத்தில் சூடு பயங்கரம், ஆனால் மேலே இருக்கிற பாரம் அழுத்துவதால் பாறை உருகாமல் கெட்டியாகவே இருக்கிறதாம். எங்கேயாவது கரியமில வாயுவும் தண்ணீரும் பாறைக்குள் கலந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சமாக வேர்க்கிற மாதிரி உருகும். அந்த உருகல் நம் ஊர்க் கல் உருகினால் வருகிற பாகு மாதிரி இருக்காது, தண்ணியாக ஓடும். சோடாவுக்குள் வாயு அடங்கி இருப்பது போல அதற்குள்ளும் வாயு அடங்கி இருக்கும். அது வெடிப்பு வழியே ஏறும்போது சுவரைப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. பெயர்ந்த கல்லில் ஒரு வகை அதற்குள் கரைகிறது. கரையக் கரைய, உருகலின் குணம் மாறி, வாயுவைப் பிடித்து வைக்க முடியாமல் விடுகிறது. அதுதான் உப்பு. நுரை தள்ளத் தள்ள இன்னும் வேகம், இன்னும் சுவர் பெயர்கிறது, இன்னும் நுரை. சில மணி நேரத்தில் வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்களாம், ஒன்றிரண்டு நாள் ஆகும் என்று சிலர். மெதுவாக வந்தால் வைரம் வழியிலேயே கெட்டுப்போகும் என்பதால் வேகமாகத்தான் வந்திருக்க வேண்டும்.

"நெசமா இப்படித்தானாம்மா?"

"இப்படி இருக்கலாம்னு நெறையப் பேரு நெனைக்கிறோம். சண்டை இன்னும் தீரல பாய். கெளம்புறப்ப பஸ்ஸு எப்படி இருந்துச்சுன்னு பாத்தவங்க யாரும் இல்ல. வந்து சேந்ததுல பாதி வழியில ஏறுனது. வாயு பூராம் பறந்து போச்சு. மிச்சத்த நம்ம மழைத் தண்ணி மாத்திருச்சு. கையில இருக்குற கல்ல வச்சுக்கிட்டு, கெளம்புன கொழம்பு இதுதான்னு சொன்னா அது பொய்யி."

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பின்னால் ஒரு நாள் அந்தப் பேச்சு எங்கள் வாசலுக்கே வந்து நின்றது.

வந்தவர் பாண்டியம்மாள். கன்னிவாடிக்குப் பக்கத்தில் மலையடியில் மல்லித் தோட்டம் வைத்திருப்பவர். நடு வயது. மூட்டையை இறக்கிவிட்டு, மடியில் இருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். நாவல்பழ நிறத்திலும் வளையல் பச்சையிலும் மணிகள் உருண்டன.

"மழை ஓடுன வாய்க்கால்ல பெறக்குனது" என்றார். "இது என்னன்னு இன்னைக்கே சொல்லிருங்க பாய். ஏஞ் செடி சாகுது."

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தபிறகுதான் விஷயம் முழுதாக வந்தது. அவர் வீட்டுக்காரருக்கும் வீட்டுக்காரரின் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு கிணறு. தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இன்னும் ஆழமாக இறக்கி வெட்ட இரண்டு குடும்பமும் பேசி முடித்து, பாறையில் வெடிக்குத் துளை போடுகிற கம்ப்ரசர் வண்டிக்கும் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து இந்த மணிகள் கண்ணில் பட்டன. சிவப்பும் பச்சையும் சேர்ந்து கிடக்கிற இடத்தில் வைரம் இருக்கும் என்று யாரோ அண்ணனுக்குச் செல்லில் படம் காட்டிவிட்டார்கள். அவர் கிணற்றுக்குப் போகிற பாதையில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்ப்ரசர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். கிணற்றில் வெடி வைத்தால் வைரம் தூளாகிவிடுமாம்.

"நல்ல மனுசந்தேன்" என்றார் பாண்டியம்மாள். "ஏம் பிள்ளைகளத் தோள்ல தூக்கி வளத்தவரு. இப்ப என்னையவே யாரு எவருன்னு கேக்குற மாதிரி பாக்குறாரு. கொடத்துல தூக்கி ஊத்தி எத்தன செடியக் காப்பாத்த முடியும்? நாலு நாள்ல மொட்டெல்லாம் கருகிரும். இது வைரக் கல்லா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. இல்லைன்னா அவரு எந்திரிச்சுருவாரு."

மூட்டையைப் பிரித்தேன். நீலம் கலந்த சாம்பல் நிறச் சேறு, அதில் கொஞ்சம் கெட்டித் துண்டுகள். இந்தச் சேற்றை என் விரலுக்குத் தெரியும். நம் ஊரில், கன்னிவாடியில், கோயம்புத்தூர் தூரத்து ஆழத்தில் இருந்து வந்த பஸ் ஒன்று நிற்கிறது! அன்றைக்கு நான் ஒரு கெட்டித் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி ஸ்லைடு தேய்த்த வேகத்துக்கு, பக்கத்தில் இருந்தவர்கள் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகு நேரம் பார்த்தார். பின்னால் முதலாளியும் நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கிம்பர்லைட்தான்."

முதலாளி போனைக் கையில் எடுத்துவிட்டார். "யாருக்கு மொதல்ல சொல்லலாம் மேடம்? கலெக்டர் ஆபீசுக்கா, பேப்பர்காரங்களுக்கா?"

"யாருக்கும் சொல்ல வேணாம் சார். கல்லு கிம்பர்லைட். கன்னிவாடியில கிம்பர்லைட் இருக்கான்னு எனக்குத் தெரியாது. அது வேற கேள்வி."

"அங்க இருந்துதான வந்திருக்கு?"

"சாக்குல வந்திருக்கு."

முதலாளிக்குக் கோபம். "இந்தப் பக்கம் வராதுன்னு பொஸ்தகத்துல போட்டிருக்கு, அதான தயங்குறீங்க?"

"வர்றதுக்கு வாய்ப்பு கம்மிதான். ரொம்பப் பழைய, ரொம்பத் தடிமனான தரைக்கு அடியில இருந்துதான் இது பெரும்பாலும் வரும். நம்ம பக்கம் அப்படி இல்ல. ஆனா கம்மின்னா இல்லைன்னு அர்த்தமில்ல. பொஸ்தகத்த நம்பி இல்லைன்னும் சொல்ல மாட்டேன், மைக்ராஸ்கோப்ப நம்பி இருக்குன்னும் சொல்ல மாட்டேன். போயிப் பாக்கணும். வண்டிய எடுங்க."

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் முதலாளி போனோடு நிற்கிறார். ஒரு பக்கம் பாண்டியம்மாள், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று முகத்தையே பார்க்கிறார். ஒரு பக்கம் ஆசையில் குதிக்கிற என்னைப் போன்றவர்கள். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொல்லிவிட்டால் யாராவது ஒருத்தர் சந்தோஷமாகப் போயிருப்பார். தெரியாது என்று சொல்லிவிட்டு மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலாளியின் காரில் பாண்டியம்மாளையும் ஏற்றிக்கொண்டு போனோம். மத்தியான வெயில். பாதையின் நடுவில் கட்டில், அதன் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணன். கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்த சாக்கு ஒன்று. மேடம் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் கிணற்றுப் படியில் இறங்கினார். நானும் இறங்கினேன். சுவர் முழுக்க நம் ஊர்க் கல். கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, நடுவில் செங்கல் நிறத்தில் சிவப்பு மணிகள். மேடம் நாலு பக்கமும் கை வைத்துப் பார்த்தார். அந்தப் பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வேறு எந்தக் கல்லும் ஏறவில்லை.

மேலே வந்து, "கடப்பாரை இருக்கா?" என்றார்.

நீலச் சேறு பாதையில் மட்டும்தான் இருந்தது. அண்ணன் முறைத்துக்கொண்டே கட்டிலை நகர்த்தினார். கடப்பாரையை இறக்கினேன். முழங்கை ஆழம்கூட இல்லை, நீலம் முடிந்து செம்மண் வந்துவிட்டது. செம்மண்ணுக்குக் கீழே கிணற்றில் பார்த்த அதே பட்டைக் கல். இன்னொரு இடத்தில் தோண்டினேன். அங்கேயும் அப்படியே.

"வேர் இல்ல" என்றார் மேடம். "மேல கெடக்கு. இந்தப் பாதையில என்னமாச்சும் கொட்டுனீங்களாம்மா?"

"போன மழைக்கு முன்னாடி கல்லு கொட்டுனோம்" என்றார் பாண்டியம்மாள். "வண்டி போகாம சகதியாக் கெடந்துச்சுன்னு. ஆனா அது கறுப்புக் கல்லுல்ல மேடம். இது நீல மண்ணு. அந்தக் கல்லு பூராம் எங்கிட்டுப் போச்சுன்னுதேன் நானும் தேடுறேன்."

"அந்தக் கல்ல எங்க எடுத்தீங்க?"

"ஒங்க காம்பவுண்டுக்குப் பின்னாடிதேன். எடத்தக் காலி பண்ணுறோம், வேணுங்குறவுக அள்ளிக்கங்கன்னாக. ரெண்டு டிராக்டரு அள்ளியாந்தோம்."

முதலாளி திரும்பி நின்று மலையைப் பார்த்தார். பின்பக்கத்தைக் காலி செய்யச் சொன்னது அவர்தான். அது எங்கே போனது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆந்திராவில் இருந்து வந்த கல்லின் மிச்சம் ஒரு மழைக்காலம் நனைந்து, கறுப்புப் போய் நீலச் சேறாகி, வயிற்றில் இருந்த சிவப்பையும் பச்சையையும் வாய்க்காலில் விட்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அண்ணன் கட்டிலை விட்டு எழுந்தார்.

"என்ன பாய் சிரிப்பு? கதை கட்டுறீகளா? வைரம்னு தெரிஞ்சதும் எங்க குப்பைன்னு சொல்லி அமுக்கிட்டுப் போகப் பாக்குறீக. நான் என்ன கேணப் பயலா?"

பக்கத்துத் தோட்டங்களில் இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். "கம்பெனிக்காரன நம்பாதண்ணே" என்று ஒரு குரல். முதலாளி காரை நோக்கி நகர ஆரம்பித்தார். மேடம் மட்டும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க நம்ப வேணாம்ண்ணே. எங்க வார்த்தைய நம்பாம இருக்குறதுதான் சரி. கட்டிலுக்கு அடியில இருக்கே, அது நீங்க பெறக்குனதுதான?"

"ஏங் கையால பெறக்குனது. தொடக் கூடாது."

"தொடல. பாய் ஒரு பெட்டி எடுத்தாருவாரு. அதுவரைக்கும் இருப்போம்."

நான் திண்டுக்கல் போய்த் திரும்பினேன். நான் வரும்வரை மேடமும் அவரும் மல்லி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். பெட்டியைத் திறந்து வைத்தேன். நெடுக்காக அறுத்த பாதி உருளைகள் வரிசையாகக் கிடந்தன.

"ஒங்க சாக்குல ஒரு பக்கம் உருண்டையா, ஒரு பக்கம் தட்டையா எதுவும் கெடக்கான்னு நீங்களே பாருங்க" என்றார் மேடம். "இருந்தா இந்தப் பெட்டியில எதோடயாச்சும் சேருதான்னும் நீங்களே பாருங்க. நாங்க கை வைக்கல."

அண்ணன் சாக்கைத் தரையில் கொட்டினார். கரைந்தது போக, கெட்டியாக நின்ற துண்டுகள் கொஞ்சம் இருந்தன. உருண்டை முதுகும் தட்டை வயிறுமாக ஒன்றை எடுத்தார். பெட்டியில் ஒன்றோடு வைத்தார், சேரவில்லை. அடுத்தது, சேரவில்லை. கூட்டத்தில் ஒருவர், "பாத்தியா" என்றார். அண்ணன் கையை மட்டும் காட்டி அந்த ஆளை அடக்கினார். இப்போது அவருக்கே தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. வேட்டியில் சேற்றைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கீழ் வரிசையில் ஒரு துண்டோடு வைத்ததும் கை நின்றுவிட்டது. பெட்டித் துண்டில் சாய்வாக ஓடிய வெள்ளைக் கோடு, அறுத்த இடத்தைத் தாண்டி, அவர் கையில் இருந்த துண்டில் அதே சாய்வில் தொடர்ந்தது. கட்டை விரலால் அந்தக் கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் நான் கட்டிலப் போட்டுக் காவல் காத்தது ஒங்க குப்பையவா?"

"குப்பைன்னு சொல்லாதீக மாமா" என்றார் பாண்டியம்மாள். வழியெல்லாம் வண்டியில் நான் அவருக்குக் கல்லின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். "கோயம்புத்தூர் தூரத்துல இருந்து வந்துருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரி, வைரமாச்சும் இருந்துச்சா இதுல?"

"பெரும்பாலான கிம்பர்லைட்டுல வைரம் இருக்காதுண்ணே" என்றார் மேடம். "இதுலயும் கெடைக்கல."

பாண்டியம்மாளுக்கு வேறு யோசனை. "மேடம், அம்புட்டு ஆழத்துல தண்ணி இருக்குன்னு பாய் சொன்னாரே, நெசமா?"

"இருக்கும்மா. ஆனா ஓடுற தண்ணி இல்ல, கல்லோட கல்லாக் கலந்து கெடக்கு."

"கல்லோட கல்லாவா?" பாண்டியம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்தார். "கீழ அம்புட்டயும் வச்சுக்கிட்டு மேல எனக்கு ஒரு கொடம் தர மாட்டேங்குதே."

அண்ணன் கட்டிலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கினார். அங்கே இருந்தே கம்ப்ரசர்காரருக்குப் போன் போட்டார்.

கதை முடியவில்லை. மறுநாள் வந்த கம்ப்ரசர் வண்டி எங்கள் சேற்றில் சிக்கிக்கொண்டது. குடத்துத் தண்ணீர் சிந்திச் சிந்தி நனைந்திருந்த அந்த மண் அப்படி வழுக்கும். முதலாளி ஆட்களோடு எங்களை அனுப்பினார், அவரும் வந்தார். பாதையில் கிடந்த கிம்பர்லைட் முழுவதையும் அள்ளி டிராக்டரில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தோம். நூற்றைம்பது கிலோமீட்டரை நுரையோடு தாண்டி வந்த கல்லை, கன்னிவாடியில் இருந்து திண்டுக்கல்லுக்கு மண்வெட்டியால் அள்ளி அனுப்பியது நான்தான்.

அதற்குப் பிறகுதான் பின்பக்கம் சுவர் எழுப்பி, ஒவ்வொரு குவியலுக்கும் எந்த ஊர் என்று பலகை வைத்திருக்கிறோம். உங்களிடம் ஒரு மூட்டை வந்தால், கல் அழகாக இருக்கிறதே என்று உடனே ரம்பத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். எங்கே நின்றது, தரையோடு ஒட்டி நின்றதா, யாராவது கொண்டுவந்து போட்டதா என்று முதலில் கேளுங்கள். மைக்ராஸ்கோப்புக்குக் கல் தெரியும், அது வந்த பாதை தெரியாது. கொண்டுவந்தவருக்குப் பாதை தெரியும். நாம் கேட்டால்தான் சொல்வார்.

செடிகளில் பாதி கருகிவிட்டன. மீதிக்குத் தண்ணீர் வந்தது. கிணற்றின் வடக்குச் சுவரில் ஊற்றுக் கசிந்த அன்று அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"பாய், கெணத்துல பேத்த கல்லையே பாதைக்குப் போட்டுட்டோம். வண்டி சும்மா ஜம்முனு போகுது."

"சந்தோசம்ண்ணே."

"இதுலயும் செவப்பு செவப்பாத்தேன் இருக்கு. பயப்படாதீக, கட்டிலப் போட மாட்டேன். இது எங்க ஊருச் செவப்பு."